சீனச் சுற்றுலா: கூட்டம் கூடியது, கல்லா நிறையவில்லை

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் ஸிபோ என்று ஒரு ஊர் இருக்கிறது. பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் பீங்கான் தொழிலும் நிறைந்த தொழில் நகரம். சுமார் 47 லட்சம் பேர் வசிக்கிறார்கள். சுற்றுலாவுக்கும் அந்த ஊருக்கும் பெரிதாகச் சம்பந்தம் கிடையாது. ஆனால் 2023 மார்ச்சில் அங்கே ரயில் ரயிலாகக் கல்லூரி மாணவர்கள் வந்து இறங்கினார்கள். கோயில் பார்க்கவோ மலை ஏறவோ வரவில்லை. கம்பியில் கோத்துச் சுட்ட கறி சாப்பிட வந்தார்கள்.

அந்தச் சாப்பாட்டில் ஒரு சின்ன வேலைப்பாடு உண்டு. குட்டை மேஜை, நடுவில் கைக்கு அடக்கமான கரி அடுப்பு. கடைக்காரர் கறியை முக்கால் பதம் வாட்டிக் கொண்டுவந்து வைத்துவிடுவார். மீதியை நாமே திருப்பித் திருப்பி வாட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் உள்ளங்கை அளவு மெல்லிய ரொட்டியை விரித்து, சாஸ் தடவி, கறிக் கம்பியையும் ஒரு துண்டு வெங்காயத்தாளையும் அதில் வைத்து, ரொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியை உருவினால் கம்பி கைக்கு வரும், கறி ரொட்டிக்குள் தங்கும். சமூக ஊடக வீடியோக்களில் இந்த உருவல்தான் திரும்பத் திரும்ப வந்தது. வயிறார ஒரு வேளைக்கு ஒருவருக்குச் சில பத்து யுவான்கள் போதும். (அப்போது ஒரு யுவான் சுமார் 12 ரூபாய்.)

இந்த மோகம் தொடங்கியதற்கு அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 2022இல் கோவிட் காரணமாகப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரை ஸிபோவுக்குக் கொண்டுவந்து தனிமைப்படுத்தியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் நன்றாகக் கவனித்தார்கள், கிளம்பும் முன் சுட்ட கறி விருந்தும் வைத்தார்கள். 'நிலைமை சரியானதும் திரும்பி வருவோம்' என்று சொல்லிப் போன மாணவர்கள் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். நகர நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. மாகாணத் தலைநகர் ஜினானிலிருந்து தனி ரயில், கறிக்கடைத் தெருக்களுக்குத் தனி பஸ், விடுமுறையில் ஹோட்டல் வாடகைக்கு உச்சவரம்பு என்று எல்லாம் செய்தது. கடைசியில் கூட்டம் தாங்காமல், 'கொஞ்சம் கழித்து வாருங்கள்' என்று சுற்றுலாப் பயணிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்தது.

கோவிடுக்குப் பிந்தைய சீன நுகர்வோரைப் புரிந்துகொள்ள இந்தக் கறி மேஜையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் பூட்டிக் கிடந்த நாடு 2022 டிசம்பரில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2023 ஜனவரி 8 முதல் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான தனிமைப்படுத்தலும் முடிவுக்கு வந்தது. அடைபட்டுக் கிடந்தவன் வெளியே வந்தால் அள்ளி இறைப்பான், 'பழிதீர்க்கும் செலவு' நடக்கும் என்று உலகம் முழுக்க எதிர்பார்த்தார்கள். பாரிஸின் கைப்பைக் கடைகளும் பாங்காக்கின் ஹோட்டல்களும் அந்த நாளுக்காகக் காத்திருந்தன. கூட்டம் வந்தது, நிஜமாகவே வந்தது. ஆனால் அது ஸிபோவின் குட்டை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019 மே தின விடுமுறையில் சீனாவுக்குள் 19.5 கோடி பயணங்கள். செலவு 11,767 கோடி யுவான். 2023 மே தினத்தில் 27.4 கோடி பயணங்கள், 14,805 கோடி யுவான். தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு 'மீட்சி' என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 2019இல் பயணத்துக்கு 603 யுவான், 2023இல் 540. அதன் பிறகும் பெரிய முன்னேற்றமில்லை. 2024 மே தினத்தில் 29.5 கோடி பயணங்கள், பயணத்துக்கு 566 யுவான். 2025இல் 31.4 கோடி பயணங்கள், 574 யுவான். ஒவ்வொரு வருடமும் கூட்டம் பழைய சாதனையை முறியடிக்கிறது. ஆளுக்கு ஆகும் செலவோ ஆறு வருடத்துக்கு முந்தைய அளவைக்கூட எட்டவில்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. சீனப் புள்ளிவிவரத்தில் 'சுற்றுலாப் பயணம்' என்றால் நாம் நினைக்கிற மாதிரி பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புவது மட்டும் கிடையாது. வழக்கமான வசிப்பிடத்தை விட்டு 10 கிலோமீட்டருக்கு மேல் போய், 6 மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே கணக்கில் வந்துவிடும். பக்கத்து ஊர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் குடும்பமும் இந்தக் கோடிகளில் உண்டு. 2019 மே தினம் நான்கு நாள் விடுமுறை, இப்போது ஐந்து நாள் என்ற வித்தியாசமும் இருக்கிறது. குறும்பயணங்கள் பெருகினாலே சராசரி இறங்கும்தான். ஆனால் மக்கள் ஏன் குறும்பயணங்களுக்கு மாறினார்கள் என்று கேட்டால் பதில் மறுபடியும் பர்ஸில் போய்த்தான் நிற்கிறது.

சரி, விடுமுறை நாட்களை விட்டுவிட்டு முழு வருடத்தையே எடுத்துக்கொள்வோம். 2019இல் உள்நாட்டுப் பயணங்கள் சுமார் 600 கோடி, செலவு 5.73 லட்சம் கோடி யுவான். 2022இல் இது 253 கோடி பயணங்களாகவும் 2.04 லட்சம் கோடி யுவானாகவும் சரிந்தது. 2023இல் 489 கோடி, 2024இல் 561.5 கோடி என்று ஏறி, 2024இல் செலவு 5.75 லட்சம் கோடி யுவானைத் தொட்டது. மொத்தத் தொகை 2019ஐக் கொஞ்சம் தாண்டிவிட்டது. பயணத்துக்கு 954 யுவானாக இருந்தது 1,024 ஆகியிருக்கிறது. ஐந்து வருடத்தில் ஏழு சதவீத ஏற்றம். இந்த ஐந்து வருட விலைவாசி ஏற்றமே ஏறக்குறைய ஆறு சதவீதம். ஆக, உண்மையில் அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அசையாதது மட்டும் பிரச்சினையில்லை. இதே ஐந்து வருடத்தில் செலவழிக்கக் கையில் இருக்கும் தனிநபர் வருமானம் 30,733 யுவானிலிருந்து 41,314 ஆகியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். வருமானம் ஏறியும் பயணச் செலவு ஏறவில்லை என்றால், சீனர்கள் ஏழையாகிவிட்டார்கள் என்ற எளிய விளக்கம் செல்லாது. பணம் இருக்கிறது. அதை எடுக்கக் கை வரவில்லை.

பணம் எங்கே போனது? வங்கிக்கு. 2021இல் சீனக் குடும்பங்களின் வங்கி வைப்பு 9.9 லட்சம் கோடி யுவான் கூடியது. 2022இல் அந்தக் கூடுதல் 17.84 லட்சம் கோடி. ஊரடங்கு முடிந்து கடைகளெல்லாம் திறந்துவிட்ட 2023இலும் 16.67 லட்சம் கோடி. 'பழிதீர்க்கும் செலவு' என்ற பேச்சைச் சீன இணையவாசிகளே 'பழிதீர்க்கும் சேமிப்பு' என்று மாற்றிக் கிண்டலடித்தார்கள். இதில் எல்லாமே சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு என்று நினைத்துவிடக் கூடாது. வீடு வாங்க வைத்திருந்ததை வாங்காமல் வைத்திருப்பவர்கள், முதலீட்டுத் திட்டங்களில் கைச்சூடு பட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. அமெரிக்காவைப் போல கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு காசோலை அனுப்பும் வேலையையும் சீன அரசு செய்யவில்லை. உதவியின் பெரும்பகுதி நிறுவனங்களின் பக்கம் போனது. இனாமாக வந்த பணத்தை இறைப்பது சுலபம். பயத்தில் ஒதுக்கிய பணத்தை அப்படி இறைக்க முடியாது.

பயத்துக்கு முதல் காரணம் வீடு. சீன மத்திய வங்கி 2019இல் நகர்ப்புறக் குடும்பங்களிடம் எடுத்த ஆய்வின்படி, ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்தில் சுமார் 59 சதவீதம் வீடுதான். நம்மூரில் நகைக்கு இருக்கும் இடம் அங்கே அபார்ட்மென்ட்டுக்கு உண்டு என்று சொன்னால் பாதி புரிந்துவிடும். 2020 ஆகஸ்டில் அரசு கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு 'மூன்று சிவப்புக் கோடுகள்' என்ற வரம்புகளைப் போட்டது. 2021இல் எவர்கிராண்டே என்ற பெரிய கட்டுமான நிறுவனம் தடுமாறியது. கட்டி முடிக்காத வீடுகளுக்கு மாதத் தவணை கட்ட மாட்டோம் என்று 2022 ஜூலையில் பல நகரங்களில் வாங்கியவர்கள் கிளம்பினார்கள். 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் எவர்கிராண்டேயைக் கலைக்க உத்தரவிட்டது. சம்பளம் அப்படியே வந்துகொண்டிருந்தாலும், குடியிருக்கும் வீட்டின் மதிப்பு வருடா வருடம் இறங்குவதைப் பார்க்கும் குடும்பத் தலைவர் விடுமுறையில் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அறை போடுவாரா? போக மாட்டேன் என்று சொல்ல மாட்டார், போவார். ஆனால் இரண்டு நட்சத்திரம் குறைத்துக்கொள்வார்.

இரண்டாவது காரணம் வேலை. 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. ஆகஸ்டில் அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு மாணவர்களைக் கழித்த புதிய கணக்கு முறையில் மறுபடி வெளியானது. நுகர்வோர் நம்பிக்கைக் குறியீட்டின் கதை இன்னும் வெளிப்படை. 100க்கு மேல் என்றால் நம்பிக்கை, கீழே என்றால் அவநம்பிக்கை. 2022 மார்ச்சில் 113ஆக இருந்தது, ஷாங்காய் ஊரடங்கு நடந்த ஏப்ரலில் ஒரே மாதத்தில் 86.7க்கு விழுந்தது. ஊரடங்கு போய்விட்டது, குறியீடு எழுந்திருக்கவில்லை.

முதுமை பற்றிய கவலையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கிராமத்தாரையும் முறையான வேலை இல்லாதவர்களையும் உள்ளடக்கிய அடிப்படை ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2024இல் 20 யுவான் கூட்டப்பட்டு மாதம் 123 யுவான் ஆனது. இந்தத் தொகையைத் தெரிந்துவைத்திருக்கும் மகனும் மகளும் ஏன் சேமிக்கிறார்கள் என்று பொருளாதார நிபுணர்கள் விளக்கவே வேண்டாம்.

ஆனால் கையை மூடிக்கொண்டதால் ஊர் சுற்றுவதை யாரும் விடவில்லை. எனக்கு இந்தக் கதையில் சுவாரசியமான பகுதியே இதுதான். பழைய செலவில் புது அனுபவம் வாங்க ஒரு தலைமுறையே வழி கண்டுபிடித்தது. 2023 வசந்தத்தில் மாணவர்களிடம் பரவிய ஒரு பாணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சிறப்புப் படை வீரர் சுற்றுலா', நம் வழக்கில் கமாண்டோ பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளி இரவு படுக்கை வசதியில்லாத ரயிலில் ஏறுவது, சனி விடியலில் இறங்குவது, ஒரே நாளில் ஏழெட்டு இடங்களைக் காலால் அளப்பது, ஞாயிறு இரவு மறுபடி ரயில், திங்கள் காலை வகுப்பு. தாய்ஷான் மலையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இரவெல்லாம் ஏறி, உச்சியில் வாடகைக்குக் கிடைக்கும் தடித்த ராணுவ மேலங்கியைப் போர்த்திக்கொண்டு சூரியோதயம் பார்ப்பது இவர்களுக்கு ரொம்பப் பிடித்த திட்டம். சூரியோதயத்தோடு ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம்.

இன்னொரு கூட்டம் கோயில்களுக்குப் போனது. பெய்ஜிங்கின் லாமா கோயிலுக்கு நுழைவுச்சீட்டு 25 யுவான். ஊதுபத்தியைக் கோயிலே இலவசமாகத் தருகிறது. வாசலில் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குள் ஒரு சிலேடை ஓடியது. வேலைக்குப் போவது ஷாங்பான், முன்னேறப் பாடுபடுவது ஷாங்ஜின், ஊதுபத்தி ஏற்றுவது ஷாங்ஸியாங். 'முதல் இரண்டுக்கும் நடுவில் நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்துகொண்டோம்' என்றார்கள். சிரிப்பு வருகிறது, 21.3 என்ற எண் ஞாபகம் வந்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கிவிடுகிறது.

பையை நிரப்புவதற்காகவே போகிற இடங்கள் இந்த மாற்றத்தில் அடிவாங்கின. தெற்கே ஹைனான் தீவில் வரியில்லாக் கடைகள் உண்டு. 2020 ஜூலையில் ஒருவர் வருடத்துக்கு ஒரு லட்சம் யுவான் வரை வரியில்லாமல் வாங்கலாம் என்று வரம்பை உயர்த்தினார்கள். எல்லை மூடிக் கிடந்த காலத்தில் அந்தத் தீவின் சான்யா நகரக் கடைகளில் காலடி வைக்க இடமில்லை. எல்லை திறந்த பிறகு? 2023இல் 4,376 கோடி யுவானாக இருந்த விற்பனை 2024இல் 3,094 கோடிக்கு விழுந்தது, கிட்டத்தட்ட 29 சதவீத வீழ்ச்சி. வெளிநாடு போக வழி திறந்ததும், மொத்தமாக வாங்கிக் கைமாற்றி விற்கும் வியாபாரிகள் மீது பிடி இறுகியதும் காரணங்களில் சேரும். ஆனால் 'கைப்பை இந்த வருடம் வேண்டாம்' என்ற மனநிலைக்கும் அதில் பங்குண்டு.

ஹாங்காங்கில் இதை இன்னும் பளிச்சென்று பார்க்கலாம். 2024இல் அங்கே வந்தவர்கள் சுமார் 4.45 கோடி, முந்தைய வருடத்தைவிட 31 சதவீதம் கூடுதல். பெரும்பாலோர் சீனப் பெருநிலத்தவர். அதே வருடம் ஹாங்காங்கின் சில்லறை விற்பனை 7.3 சதவீதம் குறைந்தது. ஒரு காலத்தில் காலி சூட்கேஸோடு வந்து நிரப்பிக்கொண்டு போனவர்கள், இப்போது தெருமுனையில் நின்று போட்டோ எடுத்து, ஒரு அன்னாசி பன் சாப்பிட்டுவிட்டு மாலையே எல்லை தாண்டிப் போய்விடுகிறார்கள். போதாக்குறைக்கு ஹாங்காங்வாசிகளே வார இறுதியில் மலிவான சாப்பாட்டுக்கும் சாமான்களுக்கும் எல்லைக்கு அப்பால் உள்ள சீன நகரமான ஷென்ஜென் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள்.

அதற்காகச் சீனப் பயணி கஞ்சனாகிவிட்டார் என்று முடிவுகட்ட முடியாது. 2023 டிசம்பரில் வடகிழக்கு நகரமான ஹார்பினில் பனி உலகப் பூங்கா திறந்தது. முதல் நாளே வரிசை நீண்டு, பொறுமை போய், 'டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடு' என்று கூட்டம் கோஷம் போட்டது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பியது. கெட்ட பெயரில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் நல்ல விளம்பரமாகிவிட்டது. குளிரே பார்க்காத தெற்கத்திக்காரர்கள் குவிந்தார்கள். குள்ளமாக, வெளிர்நிற ஜாக்கெட்டில் உருண்டையாகத் தெரிந்த அவர்களுக்குத் 'தெற்கத்தி உருளைக்கிழங்குக் குட்டிகள்' என்று செல்லப்பெயர் விழுந்தது. ஹார்பின்காரர்கள் உறைந்த பேரிக்காயை எப்படிச் சாப்பிடுவார்கள் தெரியுமா? கரியாய்க் கறுத்துக் கல்லாய் இறுகிய பழத்தைத் தண்ணீரில் போட்டு இளகவிட்டு, ஒரு ஓரத்தில் கடித்து, நுங்கை உறிஞ்சுவதுபோல உறிஞ்சிவிடுவார்கள். விருந்தாளிகள் வந்ததும் அதையே துண்டு போட்டுத் தட்டில் அழகாக அடுக்கி வைத்தார்கள். 'எங்களுக்கு நீ இப்படி வெட்டித் தந்ததே இல்லையே' என்று உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பார்த்துப் பொய்க்கோபம் காட்டியது தனி வேடிக்கை.

அந்தப் புத்தாண்டின் மூன்று நாளில் ஹார்பினுக்கு 30.48 லட்சம் பேர் வந்து 591 கோடி யுவான் செலவழித்ததாக நகர நிர்வாகம் அறிவித்தது. தலைக்கு 1,940 யுவான். நகரங்கள் தரும் கணக்கையும் தேசியக் கணக்கையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். என்றாலும் கொடுத்த காசுக்கு மரியாதையும் அனுபவமும் கிடைக்கும் என்று தோன்றினால் பர்ஸ் திறக்கும் என்பது தெரிகிறது. ஸிபோவும் ஹார்பினும் விற்ற சரக்கு ஒன்றுதான்: ஏமாற்ற மாட்டோம் என்ற உறுதி. ஸிபோவில் ஒரு வீடியோக்காரர் தராசோடு போய்ச் சந்தைக் கடைகளில் எடையைச் சோதித்து, குறையவே இல்லை என்று காட்டியபோது ஊருக்குக் கிடைத்த பெயரை எந்த விளம்பர நிறுவனமும் வாங்கித் தந்திருக்க முடியாது. சுற்றுலாத் தலங்களில் ஏமாந்து ஏமாந்து பழகிய மக்களுக்கு அது பெரிய விஷயம்.

வெளிநாட்டுப் பயணம் இதைவிட மெதுவாகத் திரும்பியது. 2019இல் சீனர்கள் சுமார் 15.5 கோடி வெளிப்பயணங்கள் போனார்கள். அந்த வருடம் அவர்கள் செலவழித்த சுமார் 25,500 கோடி டாலருக்கு ஈடு உலகில் வேறு யாரும் கிடையாது. திறந்த பிறகு குழுச் சுற்றுலாவுக்கு அரசு தவணை முறையில் அனுமதி தந்தது. 2023 பிப்ரவரியில் 20 நாடுகள், மார்ச்சில் இன்னும் 40, ஆகஸ்டில் 78. முதல் பட்டியலிலேயே இலங்கை இருந்தது. ஆனாலும் 2018இல் சுமார் 2.65 லட்சம் சீனர்கள் வந்த அந்தத் தீவுக்கு 2024இல் வந்தவர்கள் அதில் பாதி அளவுதான். தாய்லாந்துக்கு 2019இல் 1.1 கோடிப் பேர், 2024இல் 67 லட்சம். 2024 மார்ச் முதல் இரு நாட்டாருக்கும் விசாவே வேண்டாம் என்று ஆக்கியும் இதுதான் நிலைமை. 2025 ஜனவரியில் ஒரு சீன நடிகரைத் தாய்லாந்து வழியாகக் கடத்தி மியான்மரில் உள்ள இணைய மோசடிக் கூடத்துக்குக் கொண்டுபோன செய்தி வந்ததும் அந்த எண் மறுபடி சரிந்தது. மூடிய கை ஒரு சாக்குக் கிடைத்தால் இன்னும் இறுகிக்கொள்கிறது. ஜப்பானுக்கோ யென் மலிவானதால் 2024இல் சுமார் 70 லட்சம் பேர் போனார்கள். 2025 நவம்பரில் ஜப்பானியப் பிரதமரின் தைவான் பற்றிய பேச்சால் உறவு கெட்டு, ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று பெய்ஜிங்கே சொல்லிவிட்டது.

அரசுக்கு இந்த நிலைமை தெரியாமலில்லை. சீனப் பொருளாதாரத்தில் குடும்பங்களின் நுகர்வு 40 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இந்தியாவில்கூட இது 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கட்டுமானம் தள்ளாடும்போது மக்கள் செலவு செய்தால்தான் வண்டி ஓடும். பழைய பிரிட்ஜ், வாஷிங் மெஷினைக் கொடுத்துப் புதிது வாங்கினால் மானியம் தரும் திட்டத்துக்கு 2024இல் 15,000 கோடி யுவான் ஒதுக்கினார்கள், 2025இல் அதை இரட்டிப்பாக்கினார்கள், செல்போனையும் சேர்த்தார்கள். விற்பனை ஏறியது. ஆனால் அடுத்த வருடம் வாங்க வேண்டிய பிரிட்ஜை இந்த வருடமே வாங்க வைப்பது ஒரு தடவை செய்யக்கூடிய வித்தை. வீட்டு விலையைப் பற்றிய பயத்தையும் சொற்ப ஓய்வூதியத்தைப் பற்றிய பயத்தையும் அது தொடவில்லை.

சுற்றுலாவுக்கு அரசு எடுத்த வழி, நாட்களைக் கூட்டுவது. சீனாவில் பத்து வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு வெறும் ஐந்து நாள். அதனால்தான் எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே மலையில் போய் முட்டிக்கொள்கிறார்கள். நீண்ட விடுமுறைக்கு ஈடாக முன்பின் சனி, ஞாயிறுகளில் வேலை பார்க்க வேண்டிய வழக்கமும் உண்டு; அதைத் திட்டாத சீன ஊழியர் அபூர்வம். 2025 முதல் பொது விடுமுறையை 11 நாளிலிருந்து 13 ஆக்கினார்கள். அந்த வருட அக்டோபரில் தேசிய தினமும் நடு இலையுதிர்காலப் பண்டிகையும் சேர்ந்து வந்து எட்டு நாள் விடுமுறை அமைந்தது. 88.8 கோடி பயணங்கள், 80,900 கோடி யுவான், இரண்டும் சாதனை. ஏழு நாள் விடுமுறையாக இருந்த 2024இல் பயணத்துக்கு 916 யுவான் செலவாகியிருந்தது. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்த 2025இல் அது 911.